பாலாடையும் பால்புட்டியும்: பாலூட்டும் கலங்களின் இந்திய வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1992 முதல் ஆகஸ்டு மாதத்தின் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. இந்தியாவைப் பொறுத்தவரை அந்நாளுக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. குழந்தைப் பால்மாவு, பால்புட்டி ஆகியவற்றின் விற்பனையையும் விளம்பரத்தையும் நெறிப்படுத்தும் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1993 ஆகஸ்டு 1 அன்றுதான். இவ்வாரத்தில் வெளியாகும் சுவரொட்டிகளில் தாயும் அவள் மார்பில் பால் அருந்தும் குழந்தையும் காணப்படுவது வழக்கம். அந்தப் படத்துக்கு வெளியே நிற்கும் குழந்தைகளைப் பற்றியே எழுத விரும்புகிறேன். குறைமாதத்தில் பிறந்து உறிஞ்சும் வலுவற்ற குழந்தை, தாயை இழந்த குழந்தை, தாய் வேலைக்குச் சென்றுவிட்ட குழந்தை, பால் சுரக்கவில்லை என்று சொல்லப்பட்ட தாயின் குழந்தை. இவர்கள் எதில் குடித்தார்கள், எதைக் குடித்தார்கள், யார் கையால் குடித்தார்கள் என்னும் மூன்று வினாக்களைத் தொடர்ந்து சென்றால், மருத்துவ வரலாறும் தொழிலாளர் வரலாறும் சட்ட வரலாறும் ஒரு சிறிய கலத்தில் வந்து சேர்வதைக் காண்கிறோம்.

அந்தக் கலத்தைத் தமிழில் பாலாடை என்றும் சங்கு என்றும் அழைக்கிறோம். ஒரு முனை குவிந்து மூக்குப்போல் நீண்ட, கைக்குள் அடங்கும் சிறு பாத்திரம் அது. தெலுங்கில் அதற்கு உக்கு கின்னெ என்று பெயர். கன்னடத்தில் ஒளலெ. மலையாளத்தில் கோகர்ணம், பசுவின் காதை ஒத்த வடிவத்தால் வந்த பெயர். மராத்தியில் போண்ட்லே. வங்காளத்தில் ஜினுக், அதாவது சிப்பி. அங்கே கிண்ணத்தில் பாலை வைத்துக்கொண்டு சிப்பியால் மொண்டு ஊட்டுவது வழக்கம். பிற்காலத்தில் அச்சிப்பி வெள்ளியிலும் பித்தளையிலும் வடிக்கப்பட்டபோதும் பெயர் மாறவில்லை. தமிழ்ச் சங்கும் வங்காளச் சிப்பியும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. உலோகம் வருமுன் கடலும் ஆறும் கொடுத்த ஓடுகளே இந்நாட்டுக் குழந்தைகளின் முதற் கலங்களாக இருந்திருக்க வேண்டும் என்று இப்பெயர்களைக் கொண்டு ஊகிக்கலாம்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய வடிவம் என்று கருதிவிடலாகாது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் தோணி வடிவக் கூழ்க்கலங்கள் பரவலாக வழங்கின. ரொட்டியைப் பாலிலோ நீரிலோ குழைத்து அவற்றின் வழியே குழந்தைக்குப் புகட்டினர். இன்று அருங்காட்சியகங்களில் உள்ள வெள்ளி, பீங்கான் கூழ்க்கலங்களையும் நம் பாலாடையையும் அருகருகே வைத்தால் உறவினர் போலவே தோன்றும். உறிஞ்ச இயலாத சிறு வாய்க்குள் நீர்மத்தை மெல்லச் செலுத்த வேண்டிய தேவை எங்கும் ஒன்றாகவே இருந்ததால், விடையும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தது. வேறுபாடு பின்னர் வந்தது. ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் புட்டி அக்கலத்தை முற்றாக வெளியேற்றியது. இந்தியாவில் புட்டி வந்த பின்னும் பாலாடை வீட்டின் ஒரு மூலையில் தங்கிவிட்டது. அந்தத் தங்கல்தான் பின்னாளில் பயன்பட்டது.

ஆயினும் கலத்தைப் போற்றுவதற்கு முன் அதனுள் என்ன இருந்தது என்று பார்த்தாக வேண்டும். சுசுருத சம்ஹிதையின் சாரீர ஸ்தானம், பிறந்து மூன்று அல்லது நான்கு இரவுகள் கழிந்த பின்பே தாய்க்குப் பால் பெருகும் என்று கொண்டு, அதுவரை தேனும் நெய்யும் கலந்து ஊட்டும் முறையை விரிக்கிறது. சரக சம்ஹிதையோ தேனும் நெய்யும் ஊட்டும் சடங்கை அடுத்து வலது மார்பைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே மரபு என்று ஒற்றைக் குரலில் பேச இங்கே இடமில்லை. நடைமுறையிலோ தாமதிக்கும் வழக்கமே நாட்டின் பல பகுதிகளில் ஓங்கியது. சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரை நீரையும் தேனையும் ஆட்டுப்பாலையும் கழுதைப்பாலையும் இதே சங்கில் புகட்டினர். நோய் எதிர்ப்பாற்றல் செறிந்த முதற்பாலை மறுத்து, அதன் இடத்தில் தூய்மை உறுதியற்ற பிற நீர்மங்களைச் செலுத்தும் வாயிலாகவும் பாலாடை இருந்திருக்கிறது.

ஊட்டிய முறையையும் மறைக்க வேண்டியதில்லை. கால்களை நீட்டி அமர்ந்த மூதாட்டி, குழந்தையைக் கால்கள்மேல் மல்லாக்கக் கிடத்தி, அழும் வாய்க்குள் சங்கைச் சாய்த்து ஊற்றுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். தேர்ந்த கைகளில் அது பிழையின்றி நிகழ்ந்தது. தேராத கைகளில் பால் மூச்சுக்குழலுக்குள் சென்றது. பாட்டி வைத்தியம் என்று ஏங்குவோரும், மூடப்பழக்கம் என்று தள்ளுவோரும் ஒருங்கே தவறவிடுவது இந்த இரட்டைத்தன்மையைத்தான்.

புட்டியின் கதை வேறு திசையில் தொடங்குகிறது. 1845இல் அமெரிக்காவில் ரப்பர் காம்புக்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1860களில் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தம் உணவுக் கலவையை வெளியிட்டார். 1867இல் சுவிட்சர்லாந்தில் ஹென்றி நெஸ்லே தம் பால்மாவுடன் சந்தைக்கு வந்தார். அதே நூற்றாண்டின் இங்கிலாந்தில் நீண்ட ரப்பர் குழாய் பொருத்திய புட்டிகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. குழந்தை தானே குழாயை வாயில் வைத்துக்கொண்டு கிடக்கும். யாரும் தூக்கி வைத்திருக்க வேண்டியதில்லை. அக்குழாயின் உட்புறத்தைத் துலக்க வழியில்லாததால் அது கிருமிகளின் உறைவிடமாயிற்று. கொலைப்புட்டி என்றே மக்கள் அதற்குப் பெயரிட்டனர். புட்டி விற்றது பாலை மட்டுமா, ஊட்டுபவரின் நேரத்தையுமா என்னும் கேள்வியை இந்நிகழ்வு எழுப்புகிறது. இக்கட்டுரையின் மையக் கேள்வியும் அதுவே.

இந்தியாவில் அந்த நேரக் கேள்வி மிகக் கடுமையாக எழுந்த இடம் பம்பாய். 1921இல் அந்நகரின் பதிவான சிசு மரண விகிதம் ஆயிரம் பிறப்புக்கு 600ஐத் தாண்டியது. பல பெண்கள் பேறுகாலத்துக்குச் சொந்த ஊர் சென்று கைக்குழந்தையுடன் திரும்பியதால் பிறப்புகள் ஓரிடத்திலும் இறப்புகள் வேறிடத்திலும் பதிவாகி எண்ணிக்கை மிகைப்பட்டது என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் நிலைமை கொடியதே. 1920களின் தொடக்கத்தில் பம்பாய் அரசின் பணிப்பில் ஆலைப் பெண்தொழிலாளர்களின் பேறுகால நிலையை ஆராய்ந்தவர் டாக்டர் ஃப்ளோரன்ஸ் பார்ன்ஸ். தாய் தறியிலோ நூற்பிலோ நாள் முழுதும் நிற்க, வீட்டில் விடப்பட்ட குழந்தை பசித்து அழாதிருக்க அபின் கலந்த உருண்டை கொடுக்கப்பட்ட வழக்கத்தை அவருடைய அறிக்கை பதிவு செய்தது. பால கோலி என்று அதற்குப் பெயர். பாலுக்கு வழியில்லாதபோது உறக்கம் ஊட்டப்பட்டது என்பதே இதன் பொருள். தாய்மாரின் அறியாமையை இதற்குக் காரணம் காட்டிய அக்காலச் சீர்திருத்த எழுத்துகள் ஆலைச் சங்கின் ஒலியைக் கணக்கில் கொள்ளவில்லை. 1929இல் பம்பாய் மாகாணம் நாட்டின் முதல் பேறுகாலப் பயன் சட்டத்தை இயற்றியதற்கு இந்த விவாதங்களும் பின்னணியாக அமைந்தன.

அதே பத்தாண்டில்தான் பால்மாவு வணிகம் இங்கே நிறுவனமாக வேர்கொண்டது. 1924இல் பம்பாயில் பதிவு செய்யப்பட்ட எச்.ஜே. ஃபாஸ்டர் நிறுவனம் கிளாக்சோ குழந்தை உணவை விநியோகிக்கும் முகமை. இன்று மருந்து நிறுவனமாக அறியப்படும் கிளாக்சோவின் இந்திய வாழ்வு பால்மாவில்தான் தொடங்கியது. 1924 இந்தியாவில் தேசியக் குழந்தை வாரம் கொண்டாடப்பட்ட ஆண்டும் ஆகும். எடை பார்த்தல், குழந்தைக் கண்காட்சி, கொழுகொழு குழந்தைக்குப் பரிசு என நலப்பணியும், பருத்த குழந்தையின் படத்தோடு வந்த பால்மாவு விளம்பரமும் ஒரே அழகியலைப் பகிர்ந்துகொண்டன. கூடவே கடிகாரமும் வந்தது. நான்கு மணிக்கு ஒரு முறை, இத்தனை நிமிடம் என்று பாலூட்டலை அட்டவணைப்படுத்திய நியூசிலாந்து மருத்துவர் ட்ரூபி கிங்கின் முறை ஆங்கில உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. தாய்ப்பால் குழந்தை உறிஞ்ச உறிஞ்சச் சுரப்பது. உறிஞ்சலைக் கடிகாரம் குறைத்தால் சுரப்பும் குறையும். சுரப்புக் குறைந்தவுடன் 'பால் போதவில்லை' என்னும் அச்சம் எழும். அச்சத்துக்கு மருந்தாகப் புட்டி நிற்கும். இன்றும் பேறுகால அறைகளில் ஒலிக்கும் அந்த வாக்கியத்துக்கு உடலியல் காரணங்களைப் போலவே ஒரு வரலாறும் உண்டு.

விடுதலைக்குப் பின் இக்கதையை அயல்நாட்டுப் புட்டி, சுதேசிப் பாலாடை என்று எளிய எதிர்நிலையாக எழுத இயலாது. எருமைப்பாலிலிருந்து பால்மாவு செய்ய இயலாது என்ற கருத்து நிலவியபோது, ஆனந்தில் கேடா கூட்டுறவு ஒன்றியத்தின் எச்.எம். தலாயா அதைச் செய்து காட்டினார். மைசூரில் 1950இல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எருமைப்பாலில் குழந்தை உணவு தயாரிக்கும் முறையை உருவாக்க, அமுல் அதைச் சந்தைப்படுத்தியது. அந்நியச் செலாவணி அரிதாயிருந்த நாட்டில் இறக்குமதிப் பால்மாவுக்கு மாற்றுக் கண்டது தேசியச் சாதனையாகவே கொண்டாடப்பட்டது. அறிவியலும் கூட்டுறவும் தற்சார்பும் கைகோத்த அந்தத் தகர டப்பாவில் கேடு இருக்கக்கூடும் என்று எண்ண அன்று யாருக்கும் காரணம் தோன்றவில்லை. நடுத்தர வர்க்க வீடுகளில் பால்புட்டி நவீனத்தின் அடையாளமாக அலமாரி ஏறியது. பித்தளைப் பாலாடை மருந்து புகட்ட மட்டும் எஞ்சியது.

ஐயம் வெளியே எழுந்தது. 1939இல் சிங்கப்பூரில் குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், ஏழைத் தாய்மாரிடம் டின்பால் திணிக்கப்படுவதால் நேரும் மரணங்களைக் கொலை என்றே எண்ண வேண்டும் என்று ரோட்டரி சங்க மேடையில் பேசினார். முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1974இல், பிரிட்டனின் வார் ஆன் வான்ட் அமைப்பு பால்மாவு வணிகத்தைக் குற்றம் சாட்டும் சிறுநூலை வெளியிட்டது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவையில் அன்றைய இந்தியப் பிரதமர் இந்திரா காந்தி உரையாற்றினார். அதே பேரவை, தாய்ப்பால் மாற்றுப்பொருள்களின் விற்பனைக்கான பன்னாட்டு நெறிமுறையை 118 வாக்குகளால் நிறைவேற்றியது. எதிர்த்தது அமெரிக்கா மட்டுமே. மூன்று நாடுகள் வாக்களிக்கவில்லை. நெறிமுறையின் வரம்புக்குள் பால்மாவோடு புட்டியும் காம்பும் சேர்க்கப்பட்டிருந்தன.

கலம் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டது? மாவை அளவாகக் கரைக்க எழுத்தறிவும், கொதிக்க வைக்க எரிபொருளும், கழுவத் தூய நீரும், திரும்பத் திரும்ப வாங்கப் பணமும் வேண்டும். இவை இல்லாத வீட்டில் ஒரு வாரத்துக்கான மாவு நீர்த்து ஒரு மாதத்துக்கு நீளும், குழந்தை மெலியும். காம்பின் துளையிலும் புட்டியின் கழுத்திலும் தங்கும் பால்படலத்தில் கிருமி பெருகும், வயிற்றுப்போக்கு வரும். திறந்த கிண்ணமோ பாலாடையோ இவ்வகையில் எளியது. மறைவிடம் இல்லாத பரப்பு. விரலால் தேய்க்கலாம், வெந்நீரில் இடலாம். மேலும் கிண்ணத்தைக் குழந்தையின் அருகில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போக முடியாது. தலையணையில் சாய்த்து வைக்கக்கூடிய புட்டிக்கும் கையில் பிடித்தே தீரவேண்டிய கிண்ணத்துக்கும் உள்ள வேறுபாடு, தூய்மையைப் போலவே முக்கியமானது.

இந்தியா 1983இல் தனக்கெனத் தேசிய நெறிமுறையை வெளியிட்டது. நெறிமுறைக்குத் தண்டிக்கும் வலு இல்லை. குழந்தை மருத்துவர்களும் நுகர்வோர் அமைப்புகளும் தொடர்ந்து வற்புறுத்தியதன் பயனாக 1992இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதன் தலைப்பிலேயே பால்மாவுக்கு அடுத்தபடி பால்புட்டி இடம்பெறுகிறது. குழந்தைக்குப் பால்மாவு ஊட்டப் பயன்படும் புட்டியோ வேறு கலமோ, அதனோடு இணைக்கத்தக்க காம்பும் அடைப்பிதழும் உட்பட, பால்புட்டி என வரையறுக்கப்பட்டது. விளம்பரம், இலவச மாதிரி, பரிசு ஆகியன தடைசெய்யப்பட்டன. தாய்மாருக்கு வழங்கும் கல்வி ஏடுகளில் புட்டியைத் தவறாகப் பயன்படுத்துவதால் விளையும் கேடுகளும் கூறப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அரசு அதிகாரிகளோடு அங்கீகரிக்கப்பட்ட தன்னார்வ அமைப்புகளும் முறையிடலாம் என்னும் பிரிவு அதன் தனிச்சிறப்பு. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு வயது வரையிலான உணவுகளுக்கும் வரம்பை விரித்ததோடு, மருத்துவர் கருத்தரங்குகளுக்கு நிறுவனங்கள் பணம் கொடுப்பதையும் தடுத்தது. வணிகத்தின் குரல் தாயிடம் நேரே பேசாமல் மருத்துவர் வாய்வழியே பேசுகிறது என்பதைச் சட்டம் அறிந்துகொண்டதன் சான்று அத்திருத்தம்.

சட்டம் புட்டியை விலக்கச் சொன்னபோது, மாற்று எது என்னும் கேள்வி மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் ஏற்கனவே எழுந்திருந்தது. எடை குறைந்து பிறந்த குழந்தைகள் மிகுந்த நாட்டில் இது அன்றாடக் கேள்வி. தாயிடமிருந்து பீய்ச்சி எடுத்த பாலை மூக்குவழிக் குழாய் மூலம் செலுத்தும் கட்டத்துக்கும், குழந்தை தானே மார்பில் உறிஞ்சும் கட்டத்துக்கும் இடையே சில நாள்களோ வாரங்களோ உண்டு. 1989இல் பம்பாய் சயான் மாநகராட்சி மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கியது கலத்தினுள் எது இருக்க வேண்டும் என்பதற்கான விடை. எக்கலத்தில் ஊட்டுவது என்பதற்கு, வீட்டு மூலையில் ஒதுங்கியிருந்த பாலாடை விடையாக வந்தது. செவிலியர் பலர் தாம் வளர்ந்த வீடுகளிலிருந்தே அதை அறிந்திருந்தனர்.

1999இல் இந்திரா நாராயணன் உள்ளிட்ட இந்திய ஆய்வாளர்கள் புட்டி, கிண்ணம், பாலாடை ஆகிய மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டனர். பாலாடையில்தான் குழந்தைகள் குறைந்த நேரத்தில் நிறைந்த அளவு அருந்தி அமைதியாகவும் இருந்தன என்பதும், கிண்ணத்தில் சிந்தல் மிகுதி என்பதும் அதன் முடிவுகள். அவ்வழியே தமிழ்ச் சொல்லொன்று ஆங்கில மருத்துவ இதழ்களில் மொழிபெயர்ப்பின்றி நுழைந்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனம் வளரும் நாடுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல், எடை குறைந்த குழந்தைக்கு மாற்று வழியில் ஊட்ட நேர்ந்தால் கிண்ணமோ கரண்டியோ பயன்படுத்துக என்றது. கிண்ணத்துக்கு இணையாகப் பாலாடையைப் பெயர் சொல்லிக் குறித்து, அலகு உள்ள கிண்ணம் என்று விளக்கமும் தந்தது. எந்த ஆய்வகத்திலும் பிறக்காத கலமொன்று உலக ஆவணத்தில் இடம்பெற்றது மகிழத்தக்கதே.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. 2007இல் இங்கிலாந்தில் குறைமாதக் குழந்தைகளிடம் நிகழ்ந்த ஒரு சிறிய ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்தது. பாலாடையில் ஊட்ட நேரம் மிகுந்தது, பால் சிந்தியது, குழந்தைகளிடம் துன்பக் குறிகள் கூடுதலாகத் தெரிந்தன. 2004இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், கிண்ணத்தில் ஊட்டப்பட்ட குறைமாதக் குழந்தைகள் முழுத் தாய்ப்பாலோடு வீடு திரும்பும் வாய்ப்புக் கூடியது. ஆனால் மருத்துவமனையில் தங்கிய நாள்களும் பத்தளவு கூடின; பலர் இடையிலேயே கிண்ணத்தைக் கைவிட்டனர். இம்முடிவுகளுள் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுக்க வேண்டிய தேவை இல்லை. கலம் கடல் கடந்தது. அதைப் பிடித்த கையின் பயிற்சி உடன் செல்லவில்லை என்று படிப்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. தாயும் பாட்டியும் செவிலியும் சிறு வயது முதல் பார்த்துப் பழகிய செயல் ஒன்று, அதைக் கண்டிராத வார்டில் புதிய கருவியாக மட்டுமே எஞ்சுகிறது.

அப்பயிற்சியின் உள்ளீடு என்ன என்பதையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 32 வாரக் கருவயதை எட்டிய குழந்தைகள் பலவும் கிண்ணத்தில் குடிக்கக் கற்றுக்கொள்ள வல்லவை. குழந்தையை நிமிர்த்தி மடியில் அமர்த்தி, தலையையும் முதுகையும் தாங்கி, கிண்ணத்தின் விளிம்பைக் கீழுதட்டில் மெல்லப் பதித்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்க்க வேண்டும். ஊற்றக் கூடாது. குறைமாதக் குழந்தை நாவை நீட்டிப் பூனைக்குட்டிபோல் நக்கும். நிறைமாதக் குழந்தை சிறிது சிந்திக்கொண்டே உறிஞ்சிப் பருகும். அது நிறுத்தினால் நாமும் நிறுத்தி, மீண்டும் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அளவை முடிவு செய்வது குழந்தை. பாலாடையின் அலகு வாய்க்குள் செல்வதால் அதில் ஊட்டுபவருக்கு இன்னும் கூடுதலான நிதானம் வேண்டும். கால்மேல் கிடத்தி ஊற்றிய பழைய முறையோடு ஒப்பிட்டால், பாத்திரம் ஒன்றாக இருக்க, முறை தலைகீழாகிவிட்டது தெரியும். இன்று மருத்துவமனையில் காண்பது மரபின் மீட்சி அன்று. மரபிலிருந்து கலத்தை எடுத்து, உள்ளீட்டையும் செயல்முறையையும் மாற்றிய புதிய நடைமுறை அது. ஆறு மாதம் நிறைந்து இணை உணவு தொடங்கும் குழந்தைக்கும் புட்டியைத் தவிர்த்துத் திறந்த கிண்ணத்தைப் பழக்குமாறு கூறுவதும் இதன் தொடர்ச்சியே.

அறிவியலின் நிலைப்பாடும் அசையாதது அன்று. புட்டிக் காம்பைச் சுவைத்த குழந்தை தாயின் காம்பை மறுக்கும் என்னும் குழப்பக் கோட்பாட்டின் செல்வாக்கில், 1989ஆம் ஆண்டின் பத்துப் படிகள் செயற்கைக் காம்புகளை அறவே விலக்கின. 2018இல் திருத்தப்பட்ட வடிவம், புட்டி, காம்பு ஆகியவற்றின் பயன்பாட்டையும் இடர்களையும் தாய்க்கு எடுத்துரைக்க வேண்டும் என்று மென்மையடைந்தது. தடையிலிருந்து ஆலோசனைக்கு நகர்ந்த இம்மாற்றம் தாயைப் பொறுப்புள்ள முடிவெடுப்பவராக மதிக்கிறது. முடிவெடுக்கத் தேவையான நேரத்தையும் சூழலையும் அவருக்கு யார் தருவது என்பதை அது சொல்லவில்லை.

இங்கே எண்களுக்கு வருவோம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளின் பங்கு 1992-93இல் 9.5 விழுக்காடு, 2019-21இல் 41.8 விழுக்காடு. முன்னேற்றம்தான். ஆனால் அதே 2019-21 ஆய்வில் மருத்துவ நிறுவனங்களில் நிகழ்ந்த பேறுகள் 88.6 விழுக்காடு. ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வில் முதல் மணி நேரப் பாலூட்டல் 41.6. ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் பயிற்சி பெற்றோர் கண்முன் நிகழும் நாட்டில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் பெறவில்லை. பழிபோடப் பாட்டியோ மருத்துவச்சியோ இப்போது அறையில் இல்லை. அறுவைப் பேற்றுக்குப் பின்னான பிரிவு, நெரிசலான வார்டு, பத்து நிமிடம் அருகிருந்து உதவ ஆளில்லாமை ஆகிய நிறுவனக் காரணங்களையே தேட வேண்டியுள்ளது. மறுபுறம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே பெறும் குழந்தைகளின் பங்கு 54.9இலிருந்து 63.7 விழுக்காடாக உயர்ந்திருக்கிறது. வீட்டில் தாய்மார் தம் பங்கை ஆற்றிவருகின்றனர் என்றே இதனைப் படிக்கிறேன்.

அவர்களுக்குக் கிடைக்கும் நேரத்தைச் சட்டம் எவ்வாறு பகிர்ந்திருக்கிறது? 1961ஆம் ஆண்டுப் பேறுகாலப் பயன் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை நாள்தோறும் பாலூட்டலுக்கு இரு இடைவேளைகளை அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கி, ஐம்பதும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. வயலிலும் செங்கல் சூளையிலும் கட்டுமானத் தளத்திலும் பிறர் வீட்டு அடுக்களையிலும் உழைக்கும் பெரும்பான்மைப் பெண்களை இவை எட்டவில்லை. அதே 2017இல் தொடங்கிய மாத்ரு வந்தனா திட்டம் முதற்குழந்தைக்கு 5000 ரூபாய் தந்தது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்னும் அறிவுரையையும் அத்தொகையையும் ஒரு நாட்கூலியின் கணக்கில் வைத்துப் பார்த்தால், பால கோலியின் பம்பாய் அத்தனை தொலைவில் இல்லை என்பது விளங்கும்.

பாலூட்டும் கலங்களின் வரலாற்றை எழுதும்போது பொருளை மட்டும் பார்க்கும் பழக்கத்தை நாம் கைவிட வேண்டும் என்று கருதுகிறேன். அருங்காட்சியகத்தில் பாலாடை வெள்ளிப் பாத்திரமாகவும், தொழில் வரலாற்றில் புட்டி நுகர்பொருளாகவும், சட்ட வரலாற்றில் வரையறையாகவும் பதிவாகின்றன. அவற்றைப் பிடித்திருந்த கை எங்கும் பதிவாகவில்லை. உள்ளிருந்த பால், பிடித்த கையின் பயிற்சி, அக்கைக்கு வாய்த்த நேரம் ஆகிய மூன்றுமே குழந்தையைக் காத்தன அல்லது கைவிட்டன. முதலாவதை மருத்துவம் தெளிவுபடுத்திவிட்டது. இரண்டாவதைச் செவிலியர் பயிற்சி ஓரளவு எட்டியிருக்கிறது. மூன்றாவது பெரும்பாலும் தாயின் தனிப்பட்ட கடமையாகவே விடப்பட்டிருக்கிறது. கிண்ணத்தில் ஊட்டுக என்று எழுதும் ஒவ்வொரு வழிகாட்டுதலும், ஒருவர் அரை மணி நேரம் வேறெதுவும் செய்யாமல் குழந்தையை மடியில் வைத்திருப்பார் என்று சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. அந்த ஒருவர் யார், அந்த அரை மணிக்கு யார் கூலி தருகிறார் என்னும் கேள்விகள் கொள்கை ஆய்வுக்கும் வரலாற்று ஆய்வுக்கும் பொதுவானவை.

இத்துறையில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் வட்டாரத்தில் இக்கலம் எப்பெயரில் வழங்கியது, எவ்வுலோகத்தில் வார்க்கப்பட்டது, அதில் முதலில் ஊட்டியது எதை, ஊட்டியவர் யார் என்பதை வீட்டு முதியவர்களிடம் கேட்டுக் குறித்துவைக்கவும். ஆவணக் காப்பகங்களில் கிடைக்காத செய்திகள் அவை. கேட்டுக் குறிக்கும் காலமும் நெடிதாக எஞ்சியிருக்கவில்லை.